சுராங்கனி வந்த வழி: ஈழத்துப் பொப்பிசை பிறந்த கதை

2022 மார்ச் மாதக் கடைசி. நாட்டில் டீசல் இல்லை, அதனால் மின்சாரமும் இல்லை. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். கொழும்பு புதுக்கடையில் எங்கள் ஒழுங்கையின் வீடுகள் ஒன்றின் சுவரில் மற்றது சாய்ந்து நிற்பவை. மின்விசிறி நின்றுவிட்டால் உள்ளே பத்து நிமிடம் இருக்க முடியாது. அன்று இரவு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். கதிரை கொண்டுவந்தவர்கள் கதிரையில், மற்றவர்கள் படிக்கட்டில், பிள்ளைகள் கவிழ்த்த வாளிகளில். கேஸ் வரிசை, பால்மா விலை, பெற்றோல் என்று பேசிப் பேசிப் பேச்சும் வற்றிப்போனது.

முன்வீட்டு நானா உள்ளே போய் ரபானை எடுத்துவந்தார். இரண்டு வீடு தள்ளி இருக்கும் சிங்களப் பெடியன் கிற்றார் பழகுகிறவன். அவனை எல்லோருமாகக் கூப்பிட்டோம். முதலில் சிங்களப் பாடகர் ஜோதிபாலவின் பழைய பாட்டுகள் இரண்டு. பிறகு ஒருவரும் கேட்காமலே அவன் தாளத்தை மாற்றினான். ரபானும் பின்னால் போனது. நாலைந்து வாசல்களில் இருந்து ஒரே நேரத்தில் “சுராங்கனி” கிளம்பியது. சிங்களத்தில் பாடியவர்களும் தமிழில் பாடியவர்களும் கோரஸில் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் வயதால் மூத்த அன்ரி, அந்த வாரம் முழுக்க மருந்துக்கு அலைந்து களைத்திருந்தவர், கை தட்டிக்கொண்டு எழுந்து நின்றார். கரண்ட் வந்தவுடன் பாதிப்பேர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் நிரப்ப ஓடினார்கள். நிரப்பிவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்தப் பொல்லாத மாதங்களில் நான் பயமில்லாமல் கழித்த இரவு அதுதான்.

அந்தப் பாட்டைத் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவாக்கிய ஏ. ஈ. மனோகரன் அப்போது இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. 2018 ஜனவரி 22ஆம் திகதி சென்னையில் காலமானார். தமிழ்நாட்டில் அவர் சிலோன் மனோகர். எங்களுக்குப் பொப்பிசைச் சக்கரவர்த்தி. அவருடைய பாட்டு எப்படி எங்கள் வாசல்வரை வந்தது என்று அன்றிரவு முதல் தேடத் தொடங்கினேன். தேடிப்போனால் கதை நான் நின்ற மண்ணிலேயே தொடங்குகிறது.

புதுக்கடை என்றால் இன்று நீதிமன்றம். காலையில் கறுப்புக் கோட்டுகள், கையில் கோப்புடன் வழக்குக்கு வந்த சனம். மாலையானால் அப்துல் ஹமீத் வீதியில் கொத்து ரொட்டித் தகடுகளின் சத்தம். தமிழில் புதுக்கடை, சிங்களத்தில் அளுத்கடை, இரண்டும் ஒரே பொருள். ஆங்கிலத்தில் மட்டும் ஹல்ஃப்ட்ஸ்டோர்ப். அது ஹல்ஃப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயர். போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டையை ஒல்லாந்தர் மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தபோது, 1656 ஏப்ரலில் அவர் சுடப்பட்டு இறந்தார். மே மாதம் கோட்டை விழுந்தது. கொழும்பில் போர்த்துக்கேய ஆட்சி அத்தோடு முடிந்தது. இரண்டு ஆண்டுகளில் யாழ்ப்பாணமும் அவர்கள் கையைவிட்டுப் போனது.

ஆட்சி போனாலும் அவர்கள் கொண்டுவந்தவை போகவில்லை. நாங்கள் இருப்பது கதிரை. சமைப்பது குசினி. காலில் போடுவது சப்பாத்து. உடுப்பு வைப்பது அலுமாரி. விடிய எழும்பித் தின்பது பாண். குடிகாரர் போவது தவறணை. எல்லாம் போர்த்துக்கேயம். ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலும் கொழும்பின் கலப்புக் குடும்பங்கள் வீட்டில் பேசியது போர்த்துக்கேய மொழிதான், ஒல்லாந்தக் கொம்பனியால் அதை மாற்ற முடியவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் அந்தக் கிரியோல் மொழியை நம் காலம்வரை காத்துவந்திருக்கிறார்கள். கதிரையும் குசினியும் வந்த அதே வழியில்தான் “சுராங்கனி”க்குத் தாளம் கொடுத்த பைலாவும் வந்தது. போர்த்துக்கேயத்தில் ‘பைலார்’ என்றால் ஆடுதல்.

ஆனால் அந்த ஆட்டத்தைப் போர்த்துக்கேயர் மட்டும் கொண்டுவரவில்லை. அவர்களுடைய கப்பல்களில் ஆபிரிக்கர்கள் வந்தார்கள். படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். பின்னால் ஒல்லாந்தரும் கொண்டுவந்தார்கள், ஆங்கிலேயரும் கொண்டுவந்தார்கள். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம்தான் கொம்பனித்தெரு. ஆங்கிலத்தில் அதற்கு இருந்த பெயரே அடிமைத் தீவு என்பது. இந்த ஆபிரிக்கர்களை இலங்கையில் காப்பிரிகள் என்றார்கள். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேயரின் வயலினும் சேர்ந்த இசைக்குக் காப்பிரிஞ்ஞா என்று பெயர். பைலாவுக்கு அது தாய். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பையடியில் அந்த ஆபிரிக்க வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கிரியோல் மொழி பெரும்பாலும் மறந்துபோனது. மாஞ்சா என்று அவர்கள் சொல்லும் பாட்டில் மட்டும் அந்த மொழி மிஞ்சியிருக்கிறது. மெதுவாகத் தொடங்கி, கிண்ணமும் கரண்டியும் சிரட்டையும் தட்டத் தட்ட வேகம் ஏறும் பாட்டு.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்காவின் ‘சோல்’ இசை நினைவுக்கு வந்தது. அதுவும் கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் பிள்ளைகள் உண்டாக்கியது. தேவாலயத்தில் ஒருவர் ஓர் அடியைப் பாட, சபை பதில் சொல்லும் முறையில் இருந்து வளர்ந்தது. சாம் குக் அப்படி வந்தவர். அரீத்தா பிராங்ளின் போதகரின் மகள். 1972 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் அவர் பாடியதை அங்கேயே ஒலிப்பதிவு செய்து வெளியிட்டார்கள். அதைக் கேட்டால் சபையின் குரலைப் பிரித்தெடுக்க முடியாது, அது பாட்டுக்குள் ஊறிப்போயிருக்கிறது. மனோகரனைப் போலவே அரீத்தா இறந்ததும் 2018இல்தான், ஓகஸ்ட் 16. ஒரே ஆண்டில் போன இரண்டு பேரை நான் ஒன்றாக நினைப்பதற்குக் காரணம் ஆண்டு மட்டுமில்லை. இருவருக்கும் தாளம் கொடுத்தவர்கள் ஒரே கண்டத்தில் இருந்து பிடித்து ஏற்றப்பட்டவர்கள். ஒருவர் கேட்க, கூட்டம் பதில் சொல்ல வேண்டும் என்பது இரண்டு இசைக்கும் பொது விதி.

பைலாவை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் வொலி பஸ்டியன். காலியில் பிறந்த பறங்கியர், பொலிஸ்காரர். 1940களில் காப்பிரிஞ்ஞாவின் பழைய ஆறு தட்டுத் தாளத்துக்குச் சிங்களச் சொல்லைப் போட்டு, கூட்டம் திருப்பிப் பாட ஒரு கோரஸையும் வைத்தார். அடுத்து கிற்றார்களின் காலம். அமெரிக்கப் பாடகர் ஹரி பெலஃபொன்ரேயின் கலிப்சோ ரெக்கோட்டுகள் கொழும்புக்கு வந்தன. 60களின் நடுவில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பொப்புக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். இதெல்லாம் நடக்கும்போது தமிழர் என்ன செய்துகொண்டிருந்தோம்?

சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவைதான் மயில்வாகனனின் குரலிலும் பிறகு கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களிலும் தமிழ்நாட்டுக்கே தமிழ்ப் பாட்டை ஒலிபரப்பியது. ஆனால் மேடை என்று வந்தால் எங்கள் இசைக் கோஷ்டிகளும் அதே பாட்டுகளைத்தான் பாடின. டி. எம். எஸ். போலப் பாடுகிறவர் நல்ல பாடகர், சுசீலா போலப் பாடுகிறவர் நல்ல பாடகி. சென்னையில் செய்த பாட்டை யாழ்ப்பாணத்திலும் கொட்டாஞ்சேனையிலும் அச்சுப் பிசகாமல் திருப்பிப் பாடுவதுதான் திறமை என்று இருந்தது.

60களின் கடைசியில் அதை உடைத்தவர் நித்தி கனகரத்தினம். உரும்பிராயைச் சேர்ந்தவர், படித்தது விவசாயம். கையில் கிற்றார், தாளம் பைலாவும் கலிப்சோவும். ஆனால் உண்மையான புதுமை பேச்சில் இருந்தது. “சின்ன மாமியே” வந்தபோது கேட்டவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அதுவரை பாட்டு என்றால் நிலா, தென்றல், தேவி. இங்கே ஒரு பெடியன் மாமியிடம் வந்து மகளைப் பற்றி விசாரிக்கிறான், யாழ்ப்பாணத்து முற்றத்தில் பேசுகிற மாதிரியே. இன்னொரு பாட்டில் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்கிறார். வீட்டில் பேசும் தமிழ், வீட்டில் பேசும் விசயம், மைக்கில் கேட்டது. எங்கள் தமிழ் பாட்டுக்கு ஆகாது என்று நாங்களே நம்பியிருந்த காலத்தில் இது சின்ன விசயம் இல்லை. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பிள்ளைகள் அதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிட்டார்கள். பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் அதற்குப் பெயர் விழுந்தது.

தாளம் தமிழ்க் காதுக்கு ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டியது என்று மிருதங்கம் தெரிந்த ஒரு நண்பரிடம் கேட்டேன். அவர் தொடையில் தட்டிக் காட்டினார்: தகிட தகிட, தகிட தகிட. ஆறு தட்டு, மும்மூன்றாக. திஸ்ர நடை. காவடிச் சிந்து ஓடுவதும் அந்த நடையில்தான். கதிர்காமத்துக்கும் வேல் விழாவுக்கும் காவடி பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த நடையில் கால் தானாக எழும்பும். கப்பலில் வந்த தாளத்துக்கு இங்கே முன்பே சொந்தக்காரர் இருந்திருக்கிறார்கள்.

1970களில் இந்த இசைக்கு நல்ல காலம். அந்நியச் செலாவணி நெருக்கடியால் இந்திய சஞ்சிகைகளுக்கும் மற்ற இறக்குமதிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர் எழுத்துக்கும் உள்ளூர்ப் படத்துக்கும் உள்ளூர்ப் பாட்டுக்கும் இடம் கிடைத்தது. வானொலியில் ஈழத்து மெல்லிசை ஒரு பக்கம் வளர்ந்தது, எஸ். கே. பரராஜசிங்கம் போன்றவர்கள் அதற்கு உழைத்தார்கள். மேடையில் பொப்பிசை. எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் மனோகரன்.

அப்பா அந்தக் காலத்து மேடைகளைப் பார்த்தவர். “மனோகரன் பாட வந்தா ஒரு இடத்தில நிக்க மாட்டார், நாங்களும் கதிரையில இருக்க மாட்டம்” என்பார். கச்சேரிக்குக் கோயில் உடுப்போடு போய்ப் பழகிய சனம், பாடகர் ஆடுவதை முதலில் வாய் பிளந்து பார்த்தது, பிறகு தானும் ஆடியது. அப்பாவுக்குப் பாட்டைவிட அந்தக் கூட்டம்தான் அதிகம் நினைவில் நின்றது. அச்சகத்தில் வேலை செய்தவர், கடை முதலாளி, அவருடைய சிப்பந்தி, கல்லூரி மாணவர், பக்கத்து வரிசையில் சிங்களக் குடும்பம், எல்லோரும் ஒரே கோரஸ். மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் கடைசி பஸ் போயிருக்கும். வெள்ளவத்தையில் இருந்து புதுக்கடைவரை பாடிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார்கள்.

“சுராங்கனி” அந்த மேடைகளில் பெரிய பாட்டாக வளர்ந்தது. விசயம் ஒன்றும் பெரிதில்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன், இப்போதுதான் கொண்டுவந்த மீன் என்று ஒருவன் சொல்கிறான், அவ்வளவுதான். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். பொருள் தெரியாதவனும் இரண்டாவது தடவை கோரஸில் சேர்ந்துவிடலாம். 1977இல் “அவர் எனக்கே சொந்தம்” படத்தில் இளையராஜா அந்த மெட்டை எடுத்துக்கொள்ள, மலேசியா வாசுதேவன் பாடினார். சென்னைப் பாட்டைப் பார்த்து நாங்கள் பாடிக்கொண்டிருந்த காலம் போய், எங்கள் பாட்டைச் சென்னை எடுத்துப் பாடியது. ஈழத்துத் தமிழ் மேடை இசைக்கு இதைவிடப் பெரிய வெற்றி இன்றுவரை கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மனோகரன் நடிகராகவும் இருந்தார். செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் வந்த “வாடைக்காற்று” படத்தில் நடித்தார். பிறகு சென்னைக்குப் போய்த் தமிழ், மலையாளப் படங்களில் பெரும்பாலும் வில்லன் பக்கத்து ஆளாக வந்தார், கடைசிக் காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் வந்தார். திரையில் அவரைக் கண்டால் எங்கள் வீட்டில் “எங்கட மனோகரன்” என்று ஒரு குரல் எழும்பும், அவர் அந்தப் படத்தில் யாரைக் கடத்திக்கொண்டு போனாலும்.

1983 ஜூலை வந்தது. அதன்பின் நடந்ததைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரவில் வெளியே போகப் பயந்த ஊரில் இரவு நிகழ்ச்சி ஏது? பாடகர்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள், நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவில் குடியேறினார். கோஷ்டிகள் கலைந்தன. பொப்பிசை கசெட்டுக்குள் போய், கசெட்டோடு அகதியாகி, டொரொண்டோவிலும் பாரிசிலும் கலியாண வீடுகளில் வெளியே வந்தது.

கொழும்பில் அது உயிரோடு இருப்பதும் கலியாண வீட்டில்தான். இங்கே வழக்கம் என்னவென்றால், சாப்பாடு முடியும்வரை பாண்ட் மெல்லிய பாட்டுகளைப் பாடும். மாப்பிள்ளை பொம்பிளை படம் எடுத்து முடிய, டிரம்ஸ்காரர் ஒரு தடவை சும்மா தட்டிப் பார்ப்பார். அந்தத் தட்டலுக்கே அன்ரிமார் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். பிறகு பைலா, நிறுத்தாமல், ஒரு பாட்டின் வாலில் மற்றப் பாட்டு. பாடகர் தன் இஸ்டத்துக்குப் பாட முடியாது. முன்னால் ஆடுகிறவர்கள் களைத்தால் ஓர் அடியைச் சுருக்க வேண்டும், சூடு பிடித்தால் கோரஸை நாலு தடவை நீட்ட வேண்டும். கீபோர்ட்காரரின் கண் விரலில் இருக்காது, ஆடுகிறவர்களின் காலில் இருக்கும். இதை எந்த ரெக்கோட்டும் செய்யாது. போனில் இருக்கும் பாட்டுக்கு எங்கள் நிலைமை தெரியாது, மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் பாடுகிறவனுக்கு, இந்தச் சனம் இன்னும் கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போக விரும்பவில்லை என்பது தெரியும்.

மின்வெட்டு இரவில் எங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். பெடியனுக்குக் கிற்றாரில் மூன்று கோட்தான் தெரியும், குரலும் உச்சத்தில் உடைந்தது. ஆனால் எழுந்து நின்ற அன்ரியைப் பார்த்துவிட்டு, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் திரும்பவும் தொடங்கினான். அவர் உட்காரும்வரை நிறுத்தவில்லை. அவர் அடுத்த ஆண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிற்கும் உருவம்தான்.

இதைப் படிப்பவர்களில், 70களில் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ மேடை ஏறியவர்கள், அவர்களுக்குப் பின்னால் கிற்றாரும் கொங்கோவும் வாசித்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் கட்டாயம் இருப்பீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கசெட், ரெக்கோட், நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரம், மண்டபத்தில் எடுத்த ஒரு மங்கல் படம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மேடையில் பாடி மறைந்த பாட்டுக்கு வேறு சாட்சி இல்லை. நூலக நிறுவனம் ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது, ஒலிப்பதிவுகளையும் சேர்க்கிறது. அவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது யார் எதை வாசித்தார், எந்த மண்டபம், எந்த ஆண்டு என்று நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.